லிங்க் அனுப்பி எடுத்த ஆய்வும் வராமல் போனவர்களும்

பொது சுகாதாரத்தில் ஆராய்ச்சிப் பட்டம் செய்கிறவர்கள், ஏதாவது அமைப்புக்காக ஆன்லைனில் சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள், வேலையைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது. எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. நான் இருந்த துறையில் எல்லாரும் மருத்துவமனைக்குத் தானாக வந்து சேரும் நோயாளிகளை வைத்து ஆய்வு செய்தவர்கள். வீட்டிலேயே இருக்கும் மனிதர்களை, முகம் பார்க்காமல், போன் வழியாக மட்டும் ஆய்வுக்குள் கொண்டுவந்த அனுபவம் ஒருவருக்கும் கிடையாது. கிட்டத்தட்ட இரண்டு வருடம், ஆய்வுக்கு வந்த நிதியில் பாதிக்கு மேல், அதற்கு மேல் என் கைக்காசு சில மாத உதவித்தொகை, எல்லாம் போன பிறகுதான் எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது.

என் தலைப்பு சாதாரணமானதுதான். ஒரு பகுதியில் வாழும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது, தூக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா. முதலில் போட்ட திட்டப்படி வீடு வீடாகப் போய் அளக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பெருந்தொற்று வந்தது. யார் வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது என்று நெறிமுறைக் குழு சொல்லிவிட்டது, சரியான முடிவுதான். அதனால் துறையில் மாற்று வழி ஒன்று தீர்மானமானது. ஒரு லிங்க் தயாரித்து சமூக ஊடகங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுவது. விருப்பமுள்ளவர்கள் படிவத்தை நிரப்புவார்கள், வீட்டில் பிபி மெஷின் இருப்பவர்கள் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து பதிவார்கள், அப்புறம் மாதம் ஒருமுறை சின்னக் கேள்வித்தாள். "வீடு வீடாப் போனா ஐந்நூறு பேரைப் பிடிக்கிறதே பெரும்பாடு, இதுல ஆயிரக்கணக்குல வருவாங்க பாருங்க" என்றார் என் கைடு. அவர் சொன்னபடியே வந்தார்கள். முதல் சில வாரங்கள் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன்.

அந்தச் சந்தோஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரைதான். என் பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டாதவர்கள், பட்டம் பெற்றவர்கள், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். அறுபதைத் தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணலாம். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் அநேகமாக இல்லை. கூலி வேலை என்று போட்டவர்கள் அதைவிடக் குறைவு. ரத்த அழுத்தம் என்பது வயதோடு ஒட்டிக்கொண்டு வரும் நோய். அது யாரிடம் அதிகமோ அவர்கள் என் ஆய்வில் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய புள்ளியியல் எதுவும் தேவைப்படவில்லை, நான்கு அட்டவணை போதும்: வயது, பால், படிப்பு, தொழில். இதைப் படிப்பவர்களுக்கு முதலில் சொல்ல நினைப்பது இதுதான். இந்த நான்கையும் முதல் நூறு பேர் சேர்ந்ததுமே போட்டுப் பாருங்கள். அப்போது வழியை மாற்றக் காலமும் பணமும் மிச்சமிருக்கும். இன்னொன்று, உங்கள் படிவத்தில் படிப்பையும் தொழிலையும் கேட்கும்போது, கணக்கெடுப்பில் எப்படிக் கேட்டார்களோ அதே வாசகத்தை, அதே பிரிவுகளை அப்படியே எடுத்துப் போடுங்கள். எங்கள் படிவத்தில் "டிப்ளமோ / பட்டம்" என்று இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தது, கணக்கெடுப்பில் தனித்தனி. ஒப்பிடுவதற்காக அத்தனை பேருக்கும் மறுபடி ஒரு கேள்வி அனுப்ப வேண்டியதாயிற்று. பாதிப் பேர் பதில் போடவே இல்லை.

கவலையோடு யாரிடம் போனாலும் ஒரே ஆறுதல்தான் கிடைத்தது: "ஆள் எண்ணிக்கை பெரிசா இருக்கே, எல்லாம் சமமாயிடும்." ஆகாது. இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல சாட்சி அமெரிக்காவில் 2021இல் நடந்தது. கோவிட் தடுப்பூசி எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று பல கணக்கெடுப்புகள் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. ஃபேஸ்புக் பயனர்களிடம் டெல்ஃபி என்ற பல்கலைக்கழக ஆய்வுக் குழு நடத்திய சர்வேக்கு வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பதில்கள். அரசின் சென்சஸ் அலுவலகம் நடத்தியதற்கு ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 75,000. இன்னொன்று வெறும் ஆயிரம் பேரிடம் கேட்டது, ஆனால் அந்த ஆயிரம் பேரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மே மாதத்தில் உண்மையான தடுப்பூசிக் கணக்கோடு ஒப்பிட்டபோது முதலாவது 17 சதவீதப் புள்ளி கூடுதலாகச் சொல்லியிருந்தது, இரண்டாவது 14. ஆயிரம் பேர் கணக்கெடுப்புதான் உண்மைக்குக் கிட்டத்தில் நின்றது. அந்த இரண்டரை லட்சத்தில் இருந்த தகவல், ஒரு கட்டத்தில், குலுக்கல் முறையில் எடுத்த பத்துப் பேரிடம் கிடைப்பதற்குச் சமம் என்று அதே ஆண்டு நேச்சர் இதழில் வந்த கட்டுரை கணக்குப் போட்டுக் காட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது எண்கள் தவறானது அல்ல. ஆள் கூடக் கூடப் பிழை வரம்பு சுருங்குகிறது, அதனால் தவறான எண்ணையே அடித்துச் சொல்லும் தைரியம் வருகிறது. என் ஆய்விலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அரைப் புள்ளி கூட அசையாத துல்லியத்தோடு ஒரு தப்பான விடை.

பிபி மெஷின் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. லிங்க்கைத் திறக்க ஸ்மார்ட்போன் வேண்டும், படிவம் நிரப்பப் பழக்கம் வேண்டும். இவை இளைஞர்களையும் படித்தவர்களையும் உள்ளே இழுக்கின்றன. ஆனால் அளவைப் பதிய வீட்டில் மெஷின் வேண்டும். மெஷினைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பது யார்? ஏற்கெனவே நோய் தெரிந்தவர்கள், அல்லது வீட்டில் யாருக்காவது இருந்து பயந்துபோனவர்கள். அதாவது ஒரு கதவு நோய் குறைந்தவர்களை உள்ளே விட்டது, அடுத்த கதவு நோய் தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விட்டது. இரண்டும் எதிரெதிர்த் திசை. கடைசியில் கிடைத்த மொத்தச் சதவீதம் பழைய வீட்டுக் கணக்கெடுப்போடு ஏறக்குறையப் பொருந்தியது! கைடுக்கு ஒரே மகிழ்ச்சி, "பாத்தீங்களா, சரியா வந்திருக்கு" என்றார். வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு வயதுப் பிரிவு கூடப் பொருந்தவில்லை. முப்பது வயதினரில் நோய் மிக அதிகம், அறுபது வயதினரில் மிகக் குறைவு. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று தின்று மொத்தத்தில் நல்ல பிள்ளையாக நின்றன. மொத்த எண் பொருந்திவிட்டது என்று யாராவது சொன்னால், உள்ளே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மேலும், கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்ற என் இரண்டாவது கேள்விக்கு இந்த ஆட்களை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. வீட்டில் மெஷின் வைத்துத் தினம் பார்ப்பவர், மாத்திரையையும் ஒழுங்காகத்தான் போடுவார்.

கருவியைச் சொந்தமாக வைத்திருப்பவர்களை மட்டும் சேர்க்கும் எல்லா ஆய்வுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, பெரிய இடத்து ஆய்வுகளுக்கும் சேர்த்துத்தான். ஆப்பிள் வாட்ச்சை வைத்து இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டறிய 2017இல் தொடங்கிய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். அந்தக் கோளாறு முதுமையில்தான் அதிகம் வரும். ஆனால் சேர்ந்தவர்களில் 65 வயதை எட்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். கடிகாரம் எச்சரித்தது 2,161 பேரை. அவர்களுக்கு உறுதிசெய்யும் கருவி அனுப்பியதில், பயன்படுத்தத் தக்க பதிவோடு திரும்பி வந்தவை 450. இதற்குச் சில ஆண்டுகள் முன்னால் ஐபோனில் வந்த இன்னொரு இதய ஆய்வில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். இந்த ஆய்வுகள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கடிகாரத்தின் எச்சரிக்கை எந்த அளவு நம்பத்தக்கது என்று சொல்ல அவற்றுக்குத் தகுதி உண்டு. ஊரில் எத்தனை பேருக்கு அந்தக் கோளாறு என்று சொல்ல இல்லை.

முதியவர்களைச் சேர்க்க வேண்டுமே என்று நாங்கள் செய்த அடுத்த காரியம் சன்மானம். படிவம் முடிப்பவர்களுக்குச் சிறு தொகை. ஒரே வாரத்தில் எழுபது வயதுக்காரர்கள் கொட்டினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது அவர்கள் படிவம் நிரப்பிய நேரத்தைப் பார்த்து. நள்ளிரவு தாண்டி, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்தில், வரிசையாக. பிபி எண்கள் எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தன. தானாகப் படிவம் நிரப்பும் கணினி நிரல்களா (bots), உட்கார்ந்து பத்துப் படிவம் போடும் ஆட்களா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. சன்மானம் கொடுத்தாயிற்று, திரும்ப வாங்க வழியில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஒருமுறை, காசுக்காகத் தானாகச் சேரும் ஆன்லைன் பேனலில், அதாவது சர்வே நிரப்ப முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்தவர்களின் கூட்டத்தில், வேண்டுமென்றே ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தது: அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களிடம் உரிமம் இருக்கிறதா? 30 வயதுக்குக் கீழானவர்களில் நூற்றுக்கு 12 பேர் ஆமாம் என்றார்கள். படித்தபோது சிரித்தேன், அப்புறம் என் எழுபது வயதுக்காரர்களை நினைத்துச் சிரிப்பு நின்றுபோனது. சன்மானம் வைப்பதென்றால் பொதுவெளியில் விளம்பரமாக வைக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு தனி லிங்க், ஒருமுறைதான் திறக்கும் என்ற ஏற்பாடு இல்லாமல் ஒரு காசும் அறிவிக்காதீர்கள். நிரப்பும் நேரத்தையும், எண்கள் எப்படி முடிகின்றன என்பதையும் தினம் பாருங்கள். உண்மையான மெஷினில் எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் முடியாது.

பிறகு ஒரு பேனல் நிறுவனத்திடம் போனோம். எந்த வயது, எந்தப் படிப்பு, எத்தனை பேர் வேண்டும் என்று சொன்னால் அப்படியே தருவோம் என்றார்கள். தந்தார்கள். நிதியின் பெரும்பகுதி இங்கேதான் போனது. வயது சரியாக இருந்தது, படிப்பும் சரியாக இருந்தது. ஆனால் அறுபதைத் தாண்டி, பள்ளிப்படிப்போடு நின்று, ஆன்லைன் பேனலில் பெயர் கொடுத்து மாதம் பல சர்வே நிரப்பும் ஒருவர், தன் வயதும் படிப்பும் உள்ள மற்றவர்களைப் போன்றவர்தானா? கட்டம் நிரம்புவது வேறு, கட்டத்துக்குள் இருப்பவர் அந்தக் கட்டத்தைப் பிரதிநிதித்துவப்படுத்துவது வேறு. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

சரி, இருக்கும் தரவைச் சரிக்கட்டலாம் என்று எடை போடும் முறைக்கு வந்தேன். குறைவாக வந்தவர்களின் பதிலுக்குக் கூடுதல் எடை, அதிகமாக வந்தவர்களுக்குக் குறைந்த எடை. மென்பொருளில் பத்து நிமிட வேலை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எளிய கணக்காகச் சொல்கிறேன். 1,000 பேர் வந்தார்கள், அதில் 900 பேர் இளையவர்கள், 100 பேர் மூத்தவர்கள். மக்கள்தொகையிலோ இளையவர்கள் 45 சதவீதம், மூத்தவர்கள் 55. அப்படியானால் இளையவர் ஒவ்வொருவருக்கும் எடை 0.5, மூத்தவருக்கு 5.5. எடைகளைக் கூட்டினால் 1,000. எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 3,250. முதல் கூட்டலின் வர்க்கத்தை இரண்டாவதால் வகுத்தால் வருவது 308. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்த வழி இது. கையில் இருப்பது ஆயிரம் பேர், துல்லியம் மூன்று சொச்ச நூறு பேருக்கு உரியது. என் ஆய்வில் இதைவிட மோசம். ஒரே ஒரு முதியவரின் பதில் நாற்பது பேருக்காகப் பேசிக்கொண்டிருந்தது. அவர் ஒருநாள் தப்பாக அளந்தால் என் முடிவு மாறும்.

அதைவிடப் பெரிய சிக்கல், எடை எதைச் சரிசெய்யும் என்பது. நான் அளந்ததை மட்டும்தான் அது சரிசெய்யும். வயதை, படிப்பை, பாலைச் சரிக்கட்டிய பிறகும், உடம்பைப் பற்றி அக்கறை உள்ளவர்கள்தான் ஆய்வுக்கு வருகிறார்கள் என்பதை எந்த எடையாலும் தொட முடியாது. பிரிட்டனில் யுகே பயோபேங்க் என்ற பெரிய உடல்நல ஆய்வு 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுள்ள சுமார் 92 லட்சம் பேரை அழைத்தது. வந்தவர்கள் 5 லட்சம் பேர், அதாவது 5.5 சதவீதம். அது தொலைநிலை ஆய்வு அல்ல, நேரில் வரச் சொல்லி அளந்தார்கள். ஆனால் விருப்பப்பட்டு வருவது என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வந்தவர்கள் குறைவாகப் புகைத்தார்கள், வசதியான பகுதிகளில் வாழ்ந்தார்கள். 70 முதல் 74 வயதில் அவர்களின் இறப்பு விகிதம், அந்நாட்டின் அதே வயதினரைவிட ஆண்களில் 46 சதவீதமும் பெண்களில் 55.5 சதவீதமும் குறைவு. வயதும் பாலும் ஒன்றுதான், ஆனாலும் இறப்பு பாதி. இதைப் படித்த அன்று என் எடை அட்டவணையை மூடி வைத்துவிட்டேன், சில வாரம் திறக்கவில்லை. ஆய்வையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்த இடத்தில் நான் செய்யச் சொல்லும் வேலை ஒன்று உண்டு, மிகச் சுலபமானது. உங்கள் கேள்வித்தாளில், நம்பகமான வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்றிலிருந்து விடை தெரிந்த இரண்டு மூன்று கேள்விகளை அப்படியே சேர்த்துவிடுங்கள். புகைக்கிறீர்களா, சர்க்கரை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா, கடந்த ஒரு வருடத்தில் மருத்துவமனையில் தங்கினீர்களா, இந்த மாதிரி. எடை போட்ட பிறகும் உங்கள் விடை அந்தக் கணக்கெடுப்பின் விடையோடு பொருந்தாவிட்டால், உங்கள் முக்கியக் கேள்வியின் விடையையும் நம்பக்கூடாது என்று தெரிந்துவிடும். பொருந்தினால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, ஆனால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

பாதியில் விட்டுப் போனவர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லா ஆப் ஆய்விலும் ஒரே கதை. எட்டு டிஜிட்டல் ஆய்வுகளில் சேர்ந்த 1,09,914 பேரை ஒன்றாக எடுத்து ஆராய்ந்ததில், சரிபாதிப் பேர் ஐந்தரை நாளுக்குள் நின்றுவிட்டார்கள் என்று 2020இல் ஒரு கட்டுரை வந்தது. மருத்துவர் சொல்லிச் சேர்ந்தவர்கள் கூடுதலாக 40 நாள் அளவுக்கும், பணம் பெற்றவர்கள் 22 நாள் அளவுக்கும் தாக்குப்பிடித்தார்கள். நோய் உள்ளவர்களும் கூடுதல் நாள் இருந்தார்கள். ஆக, முதல் நாள் சாம்பிள் வேறு, மூன்றாம் மாதச் சாம்பிள் வேறு. பிரதிநிதித்துவ அட்டவணையை ஒருமுறை போட்டுவிட்டு விடாமல், ஒவ்வொரு மாதமும் மறுபடி போட வேண்டும்.

எனக்கு உண்மையில் கண் திறந்தது போன் வேலையில். படிவத்தைத் தொடங்கி, எண்ணைக் கொடுத்து, அழைத்தால் பேசச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்து, பிறகு முடிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். ஆள் வைக்கப் பணம் இல்லை, நானேதான். பகலில் பாதிப் பேர் எடுக்கவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டபோதுதான் உடலுழைப்பு வேலைக்குப் போகிறவர்கள் கிடைத்தார்கள். ஒரு பெண், "போன் எங்க பையனோடது சார், அவன் வேலைக்குப் போயிட்டா கையில இருக்காது, தினம் ரெண்டு வேளை எப்படிப் போடுறது?" என்றார். அப்போதுதான் ஒரே போனை வீடே பயன்படுத்துகிறது என்பது படிவத்தில் ஒரு கேள்வியாகக்கூட இல்லை என்று உறைத்தது. இன்னொருவர், தன் அப்பாவின் எண்களைத் தன் பெயரில் போட்டிருந்தார். வயது இவருடையது, பிபி அவருடையது. முப்பது வயதில் ஏன் அத்தனை நோய் என்ற புதிரில் ஒரு பகுதி அங்கே அவிழ்ந்தது. ஒரு பெரியவர், அளந்து பார்த்ததில் எண் கூடுதலாக வந்ததாம், அதைப் பதிந்தால் யாராவது மருத்துவமனைக்கு இழுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்து விட்டுவிட்டதாகச் சொன்னார். இவர் ஒருவர் அல்ல, இந்தப் பதில் வெவ்வேறு வாயில் திரும்பத் திரும்ப வந்தது. அப்படியானால் எண் அதிகம் என்பதே விலகக் காரணமாக இருக்கிறது. வெறும் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

இவர்கள் குறைந்தபட்சம் லிங்க்கைத் திறந்தவர்கள். திறக்காதவர்கள்? அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏனென்றால் லிங்க்கைப் பொதுவெளியில் விட்டாயிற்று. யார் கண்ணில் பட்டது, யார் பார்த்துவிட்டுக் கடந்து போனார்கள் என்பதற்குப் பட்டியல் எதுவும் இல்லை. இத்தனை அலைச்சலிலிருந்து நான் பிரித்தெடுத்த விஷயம் இதுதான்: தூரத்திலிருந்து தரவு எடுப்பது ஒன்று, ஆளைத் தானாக வரவிட்டுச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். என்னைக் கவிழ்த்தது இரண்டாவது. இங்கிலாந்தில் கோவிட் பரவலை அளக்க 2020 முதல் நடந்த ரியாக்ட் ஆய்வில் முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே மூக்குச் சளி மாதிரி எடுத்து அனுப்பினார்கள், யாரும் நேரில் போகவில்லை. ஆனால் யாருக்கு அழைப்பு என்பதைத் தேசிய சுகாதாரச் சேவையின் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்தார்கள். முதல் சுற்றில் 30 சதவீதம் அளவுக்குத்தான் பதில் வந்தது, பின்னால் அதில் பாதிக்கும் கீழே போயிற்று. இருந்தும் வராதவர்களின் வயது, பகுதி எல்லாம் அவர்களுக்குத் தெரியும், அதனால் எவ்வளவு தவறு இருக்கக்கூடும் என்று பேச முடிந்தது. பதில் விகிதம் குறைந்தாலே முடிவு தப்பு என்றும் சொல்ல முடியாது. 59 ஆய்வுகளை வைத்து 2008இல் செய்த அலசலில், விகிதத்துக்கும் பிழைக்கும் இருந்த தொடர்பு பலவீனமானதுதான். வராமல் போனதற்கான காரணம் நீங்கள் அளக்கும் விஷயத்தோடு ஒட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் பெரியவர் விஷயத்தில் ஒட்டியிருந்தது.

பட்டியல் கிடைத்தால் இன்னொரு கணக்கும் போடலாம். 100 பேரை அழைத்தீர்கள், 40 பேர் வந்தார்கள், அதில் 10 பேருக்கு நோய். வராத 60 பேரில் ஒருவருக்கும் இல்லையென்றால் விடை 10 சதவீதம், எல்லாருக்கும் இருந்தால் 70. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நேர்மையான வரம்பு. எனக்கு இதைக்கூடப் போட வழியில்லாமல் போனது. போன், இணையம் இல்லாதவர்களை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்தின் லிஸ் பேனல் நல்ல முன்மாதிரி. 2007 முதல் நடக்கிறது. மக்கள் பதிவேட்டிலிருந்து வீடுகளைக் குலுக்கி எடுக்கிறார்கள், கணினியோ இணையமோ இல்லாத வீட்டுக்கு இரண்டையும் கொடுக்கிறார்கள். பணம் வேண்டும்தான். நான் பேனல் நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்தில் சில நூறு வீடுகளுக்குப் பிபி மெஷின் இரவல் கொடுத்திருக்கலாம்.

கடைசியில் ஆய்வேட்டைக் காப்பாற்றியது மூன்றாவது கேள்வி, தூக்கம் பற்றியது. "எத்தனை பேருக்கு" என்று கேட்டால் யாரிடம் கேட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இதனால் அது வருகிறதா" என்று கேட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கும். 1951இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஏறக்குறைய 60,000 பேருக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்கள். அந்தக் காலத் தொலைநிலை ஆய்வு. பதில் போட்டவர்கள் 40,000க்கு மேல். மருத்துவர்கள் நாட்டு மக்களின் பிரதிநிதிகள் இல்லை. பதில் போட்ட மருத்துவர்கள் போடாதவர்களைவிட ஆரோக்கியமானவர்களும்கூட. ஆனாலும் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு அங்கே நிலைநின்றது. இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. தூக்கம் கெட்டவர்களும் பிபி தெரிந்தவர்களும் அந்தக் காரணங்களுக்காகவே ஆய்வில் சேர்ந்தால், சேர்ந்தவர்களுக்குள் இல்லாத தொடர்பு ஒன்று தோன்றலாம், இருக்கும் தொடர்பு மறையலாம். அதனால் "ஏன் சேர்ந்தீர்கள்" என்று ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். நான் அதைத் தொலைபேசியில்தான் கேட்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முதலில் கேட்டது, "இவங்கெல்லாம் யாரு?" என்பதுதான். நான் அந்த நேரத்துக்குள் எத்தனை பேருக்கு நோய் என்று சொல்லும் அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் என்று ஒரு அத்தியாயம் வைத்திருந்தேன். ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து "மக்களிடையே" என்பதை நீக்கி "தன்விருப்பப் பங்கேற்பாளர்களிடையே" என்று மாற்றியிருந்தேன். பட்டம் கிடைத்தது, நினைத்ததைவிட ஒன்றரை வருடம் தாமதமாக. கட்டுரையாக அனுப்பியபோது முதல் இதழ் திருப்பி அனுப்பியது, இரண்டாவது ஏற்றது.

இப்போது வேறொரு குழுவில் அடுத்த ஆய்வுக்குத் திட்டம் போடுகிறோம். வாக்காளர் பட்டியல் போல ஏதாவது ஒரு பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்து, கடிதம் போட்டு, கருவியை இரவல் அனுப்பி, வீட்டிலிருந்தே அளக்கச் சொல்வது. வராதவர்களில் பத்தில் ஒருவரையாவது மாலை நேரத்தில் கூப்பிடுவது, ஐந்து கேள்வி மட்டும் கேட்பது. இதற்கென்று நிதியில் கால்பங்கு ஒதுக்கிக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லாதவர்களுக்காக இவ்வளவு செலவா, அதே பணத்தில் இன்னும் ஐயாயிரம் பேரை ஆன்லைனில் சேர்க்கலாமே என்று குழுவில் கேட்கிறார்கள். அந்த இரண்டரை லட்சம் பேர் கதையை அச்செடுத்துக் கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் முடிவு தெரியும்.